சித்தப்பா கட்டிய நீச்சல் குளம்

என் சித்தப்பா முப்பத்தோரு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தது என்று குறித்துவைப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து நான் போனால், கதவைத் திறந்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகுதான் என் முகத்தை. இப்படிப்பட்டவரிடம் போய் சித்தி, "ஆறு மாசத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, மகளுடைய இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கடல் தாண்டிப் போனார். போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது.

சித்தி பள்ளிக்கூட நாளில் நீச்சல் போட்டிகளில் பரிசு வாங்கியவர். கல்யாணத்துக்குப் பிறகு அவர் நீந்தி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. துணி ஊறவைத்த பக்கெட்டில் கை விட்டதோடு சரி. ஒரு நாள் போனில், மகள் இருக்கும் அடுக்குமாடி வளாகத்தில் ஒரு குளம் இருப்பதாகவும், பிள்ளைகள் எழுவதற்குள் தினமும் அரை மணி நேரம் நீந்திவிட்டு வருவதாகவும் சொன்னார். "இங்க வந்ததுல எனக்குக் கெடச்ச ஒரே சுகம் அதுதாங்க."

அன்று சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணால் பார்த்திராத ஒரு குளத்தின் மேல் பொறாமைப்பட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். மறுநாள், "அப்ப நம்ம வீட்டுக்குப் பின்னால ஒண்ணு கட்டிட்டா?" என்று கேட்டார். சித்தி சிரித்துவிட்டு, "கட்டுங்க, ஓடி வந்துடறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னது. இவர் அதை வண்டி வரும் நேரமாகவே குறித்துக்கொண்டார்.

குளம் கட்டவென்றே இருக்கும் மேஸ்திரி ஒருவரைப் பிடித்தோம். வந்ததும் பின்கட்டை ஒரு சுற்று சுற்றினார். பிறகு வெற்றிலை போட்டவர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

"ஐயா, வீட்டைக் கட்டிப் பார்னு சொன்னவங்க குளத்தைக் கட்டிப் பார்க்கல. மூணு மாசம்னு சொல்லுவேன், நீங்க அஞ்சு மாசம்னு வெச்சுக்கங்க. மண்ணு வெட்டுற வண்டி உள்ள வர்றதுக்கு இந்தச் சுவத்த இடிக்கணும். உங்க தோட்டம் போயிடும். அக்கம்பக்கத்துல திட்டுவாங்க. குளம் கட்டுறது கல்யாணம் மாதிரி, அது ஒரு வழியா முடிஞ்சிடும். அப்புறம் தெனமும் அதைப் பாத்துக்கணும் பாருங்க, அதான் குடும்பம் நடத்துறது."

"அதெல்லாம் பாத்துக்கலாம். என்னைக்கு முடியும்? தேதி சொல்லுங்க" என்றார் சித்தப்பா. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவர் சொன்னது அத்தனையும் நடந்தது. சுவர் போனது, எலுமிச்சை மரம் போனது, துணிக்கொடி போனது. வீட்டுக்குள் சர்க்கரை டப்பாவில்கூடப் புழுதி. ஆறடி தோண்டியதும் குழியின் ஓரத்திலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இரண்டு வாரம் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே கம்பி கட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் மேஸ்திரி சித்தப்பாவைக் குழியோரம் கூட்டிப்போய், குரலை இறக்கிச் சொன்னார்.

"இங்க அடித்தண்ணி ரொம்ப மேல இருக்குது. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. மழை பேஞ்ச சமயத்துல குளத்தை முழுசாக் காலி பண்ணிடாதீங்க. உள்ள இருக்குற தண்ணியோட கனம்தான் தொட்டியக் கீழ அமுக்கி வெச்சிருக்கும். அது இல்லன்னா அடியிலேர்ந்து தள்ளிடும்." சித்தப்பா தலையாட்டினார். அவர் எப்போதும் நன்றாகத் தலையாட்டுவார்.

காங்கிரீட் போட்ட பிறகு நாலு வாரம் ஈரம் காயக் கூடாது என்றார்கள். சித்தப்பா அலாரம் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்து வேளை தண்ணீர் அடித்தார், நேரத்தைச் சமையலறைச் சுவரில் குறித்தார். தண்ணீர் நிரப்பிய பின் ஒழுக்குப் பார்க்க, குளத்துப் படியில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்தார்கள். பக்கெட்டில் குறைகிற அளவுதான் குளத்திலும் குறைய வேண்டும், அதிகமானால் எங்கோ ஓட்டை. ஒரு வாரம் அவர் ஸ்கேலும் கையுமாக அங்கேயே குடியிருந்தார். தினமும் சாயங்காலம் போனில் சித்தியிடம் ஒப்பிப்பார்: இன்றைக்கு ஓடு பதித்தாகிவிட்டது, நீல நிறம், ஆழம் ஐந்தரை அடி, வடிகட்டி மெஷின் வந்துவிட்டது. இந்தப் பேச்செல்லாம் எதற்கென்று எனக்குத் தெரியும். அவருக்குச் சித்தி வேண்டும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி ஆறிப்போச்சு என்று அவரைத் திட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஐந்து மாதம் ஏழானது. கடைசியில் சித்தியும் டிக்கெட் போட்டார். வியாழக்கிழமை வருகிறார் என்றதும் சித்தப்பா முடி வெட்டிக்கொண்டார். தலையணை உறை மாற்றினார், மாற்றியதை மறுபடி மாற்றினார். அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஆறு நாள் விடாத மழை. தெருச் சேறெல்லாம் குளத்துக்குள் இறங்கி, தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. மருந்து போட்டு, மெஷினை ஓடவிட்டால் ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். ஆனால் கையில் இருந்ததோ நாலு நாள்.

"அவ வந்து மொதல்ல பாக்கறது இந்தச் சாக்கடையவா?" என்றார் சித்தப்பா.

"மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம் சித்தப்பா."

"கேட்டா வேணாம்பாரு. அதான் கேக்கல."

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை. மோட்டாரை வைத்தார். மறுநாள் மதியத்துக்குள் குளம் காலி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, துடைப்பத்தால் ஓடு ஓடாகத் தேய்த்தார். எழுபது வயதை நெருங்குகிறவர், சீட்டியடித்துக்கொண்டே தேய்த்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

மேலே ஏறி வந்து டீ குடிக்க உட்கார்ந்தபோது சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். ஆழமான பக்கம் முழுக்கத் தரையைவிட ஒன்றரை அடி மேலே எழும்பி நின்றது. குழாய் முறிந்து, ஓடுகள் வரிசையாகத் தெறித்துக் கிடந்தன. நடுவில் கை நுழையும் அளவுக்கு விரிசல். சித்தப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மேஸ்திரி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. குனிந்து விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத ஒடச்சு எடுத்துட்டுப் புதுசாத்தாங்க போடணும்" என்றார். அந்த நேரம் பார்த்துச் சித்தியின் போன். சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, கோவப்படாதீங்க. மாப்பிள்ளைக்குத் திடீர்னு வேற ஊருக்கு மாத்தல். வீடு மாத்தணும், பசங்களுக்குப் பள்ளிக்கூடம் பாக்கணும். டிக்கெட்டத் தள்ளிப் போட்டுட்டேன். ஒரு ஆறு மாசம்."

"ம். அதுக்கென்ன" என்றார் சித்தப்பா.

"தண்ணி எப்படி இருக்கு?"

"பளிங்கு மாதிரி இருக்கு."

போனை வைத்தார். "அஞ்சு மாசத்துல முடிச்சிடலாமா மேஸ்திரி? அவளுக்குத் தெரியவே வேணாம்" என்று கேட்டார். மேஸ்திரி பதில் சொல்வதற்குள் சித்தப்பா குளத்து மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய்த் தோளைத் தொட்டேன்.

"அவ வரலைன்னு சொன்னதும், அப்பாடான்னு இருந்துச்சும்மா" என்றார். "அஞ்சு வருஷமா அவ வரணும் வரணும்னு கெடந்தவன் நான். வரலைன்னதும் எனக்கு நிம்மதியா இருக்குது. இப்படி ஆயிட்டேனே."

சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. மேஸ்திரி மெதுவாகச் சுவரோரம் நகர்ந்து போனார். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவராகவே மறுபடி போன் போட்டார். இந்த முறை காதோடு வைத்துக்கொண்டார்.

"குளம் போச்சு. நான்தான் கெடுத்தேன். இங்க காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். "நீ வா. எனக்கு முடியல. வந்துடு."

அந்தப் பக்கம் சித்தி பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவர் வெகுநேரம் "ம்" மட்டும் கொட்டினார். பிறகு போனைக் காதிலிருந்து இறக்கி, கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அழறா. இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது வான்னு கூப்பிட்டீங்களான்னு கேக்கறா."