யோகன் அண்ணையும் கண்ணுக்குத் தெரியாத வேலியும்

செவ்வாய்க்கிழமை காலை, ஜெர்மனியின் ஹம் நகரை நோக்கிப் போகும் ரயிலில் இருந்தபோது யோகன் அண்ணையின் மனைவி அழைத்தார். "அவர் போயிட்டார், பிள்ளை. நோவில்லாமல், நித்திரையிலையே." அழுதேன். கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அதை மறைக்க மாட்டேன். அவர் காத்திருந்த கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

நான் வழிகாட்டியாக இருக்கும் பழைய மாளிகையில் அண்ணை நெடுங்காலத் தோட்டக்காரர். முன்னொரு காலத்தில் அதன் பிரபு இங்கிலாந்துக்குப் போய், அங்குள்ள பெரிய வீடுகளின் பூங்காக்களில் மயங்கித் திரும்பினார். நேர்கோட்டுப் பூப்பாத்திகளை அழித்து, வளைந்த குளமும் மேடுபள்ளமான புல்வெளியும் அமைத்தார். ஆடு மேயும் வெளியும் பூங்காவும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று, வேலிக்குப் பதில் அகழி வெட்டி, அதன் உட்பக்கம் கற்சுவர் எழுப்பினார். மாளிகையிலிருந்து பார்த்தால் அகழி தெரியாது. ஆடுகளும் ஏறி வரமாட்டா.

இதை அண்ணைக்கு யாரும் சொல்லவில்லை. அவரோ வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடும் யாழ்ப்பாணத்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வசந்தத்தில், அகழியோரம் நெடுக வில்லோ மரக் கம்புகளை உயிர்வேலிக் கதியாலாக நட்டுவிட்டார். அத்தனையும் துளிர்த்தன! "வேலியில்லாத காணியும் ஒரு காணியோ எண்டு நினைச்சன், பிள்ளை" என்று பின்னாளில் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். நிர்வாகி அவரை மேல்மாடிச் சன்னலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாராம். அண்ணை நெடுநேரம் பார்த்தார். பிறகு இறங்கிப்போய், தன் கையாலேயே எல்லாவற்றையும் பிடுங்கினார். அன்றிலிருந்து அகழிக்கு அவரே காவல்.

போன மாரி மழையில் சுவர் சரிந்தது. அகழியை மூடிவிட்டுக் கம்பிவேலி போடுவதாகப் புதிய நிர்வாகம் சொன்னது. அண்ணைக்கு அப்போது புற்றுநோய் முற்றியிருந்தது. அகழியை மூட வேண்டாமென்று அவர் படுத்தபடியே சொல்ல, நான் நிர்வாகத்துக்கு ஜெர்மன் மொழியில் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதினேன். தன் கதியால் கதையையும் சேர்க்கச் சொன்னார். நான் தயங்கினேன்.

"வெக்கப்படாமல் எழுது. பிழை விட்டவனுக்குத்தான் அதின்ரை அருமை தெரியும்."

சுவரைத் திருத்துவதாகப் பதில் வந்தது. அவர் கட்டிலருகே இருந்து வாசித்தேன். இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "சீமெந்து பூச விட்டிடாதை. பழையபடி சுண்ணாம்புதான்" என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதன்பின் ஐந்து நாள்தான் இருந்தார்.

இன்று மேல்மாடிச் சன்னலில் நின்றேன். ஆடுகள் புல்வெளிக்குள்ளேயே மேய்வதுபோல் இருந்தது. கொத்தனார்கள் அகழிக்குள் நிற்பதால் தலைகள் மட்டும் தெரிந்தன. இறங்கிப்போய்ச் சாந்தைத் தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புதான், அண்ணை. போயிட்டு வாங்கோ.