அடக்கத்தைத் தள்ளிவைத்த பேச்சு

வாசகர்களே, மேடை ஏறியதும் நான் முதலில் வணங்குவது நடுவரைத்தான். இங்கே எனக்கு நடுவர் வேண்டாம், தீர்ப்பு முன்பே தெரியும். சாட்சிகளாக மட்டும் நில்லுங்கள். சிறுமலைச் சரிவில், இருபது குடிசைகூட இல்லாத ஒரு மலைக்குடி ஊரில், கசக்கினால் எலுமிச்சை மணக்கும் புல்லைக் கட்டுக்கட்டாக அறுத்துவந்து ஓர் இளைஞரின் உடலைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். அந்த மணம் முதல் நாள் மாலை வரைதான் போதுமானதாக இருந்தது. அதற்கு மேலும் அந்த உடல் காத்திருக்க நேர்ந்தது ஏன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் அப்பா திண்டுக்கல்லில் ஒரு சபையின் உபதேசியார். சபை அவரையும் அம்மாவையும் அந்த மலைக்கு மிஷனரிகளாக அனுப்பியிருந்தது. சனிக்கிழமைதோறும் அடிவாரம் வரை பஸ்ஸில் போய், மூன்று மணி நேரம் ஏறுவோம். அம்மாவின் தலையில் மருந்துப் பெட்டி, அப்பாவின் தோளில் வேதப்புத்தகப் பை. நான்கு ஆண்டுகள் அப்படி ஏறியும் ஒருவர்கூட ஞானஸ்நானம் கேட்கவில்லை. மாதக் கூட்டத்தில் சபைப் பெரியவர்கள், "இன்னும் எம்புட்டுக் காலத்துக்கு உபதேசியாரே?" என்று கேட்பார்கள். அப்பா வீடு திரும்பி, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐந்தாம் ஆண்டில் ஓர் இளைஞர் மட்டும் முன்வந்தார். பட்டம் பெற்ற போதகரை எங்கள் சபையில் 'ஐயர்' என்போம். அவரே அடிவாரம் வரை வந்து ஓடையில் அந்த இளைஞருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மாவட்டப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியிருந்தேன். மூன்று காரணம் சொல், மூன்றாவதை நெஞ்சில் இறக்கு என்று என் தமிழாசிரியர் பழக்கியிருந்தார். மலைக்குப் போனால் அங்கும் பாறை மேல் ஏறி நின்று பேசிக் காட்டுவேன். அந்த இளைஞரின் தாய்மாமன், "உபதேசியார் மவன் பேசுனா பலாமரமும் தலையாட்டும்" என்று சிரிப்பார். அதைக் கேலியென்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் மலையிலேயே தங்கியிருந்தபோது ஒரு நாள் காலை, எங்கள் ஜெபக் கொட்டகைக்குக் கூரை வேயப் புல் அறுக்கப் போன அந்த இளைஞரைக் கட்டுவிரியன் கடித்தது. தூக்கி வந்தார்கள். அம்மாவின் பெட்டியில் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து இருந்தது. பாம்புக்கு எதுவும் இல்லை. கீழே சுமந்துபோக வேட்டியில் தூளி கட்டிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. அம்மா பெட்டியை மூடாமல் வெகுநேரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாய்வதற்குள் புதைத்துவிடுவது அந்த ஊர் வழக்கம். தாய்மாமன் கடப்பாரையை எடுத்துவிட்டார். அவசரத்துக்கு உபதேசியாரே அடக்கம் செய்யலாம் என்று சபையில் இடமிருந்தது. அப்பாவுக்கு அது தெரியும். ஆனால் மலையின் முதல் விசுவாசியை ஐயர் வந்து, அங்கி அணிந்து, ஆராதனை முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும், அதைச் சபை அறிய வேண்டும் என்று அவர் விரும்பினார். ஐந்தாண்டு ஏறி இறங்கிய கால்களின் ஆசை அது. ஐயரை அழைத்துவர ஓர் ஆளைக் கீழே அனுப்பிவிட்டு, நாளை வரை பொறுக்கும்படி கேட்டார். யாரும் இசையவில்லை. இறந்தவரின் தாய் தலையசைத்தால் மட்டுமே நடக்கும் என்று தெரிந்ததும், என்னை யாரும் அழைக்காமலே நான் எழுந்தேன்.

வாசகர்களே, நன்றாகப் பேசினேன். வெளியூரிலிருக்கும் உறவுக்காக ஊரே காத்திருப்பதில்லையா என்று கேட்டேன். தலைவர்கள் மறைந்தால் நகரங்களில் நாட்கணக்கில் உடலை வைத்து மக்கள் வரிசையில் நின்று வணங்குகிறார்கள் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவசரமாகப் புதைப்பது அநாதைகளைத்தான் அம்மா, உங்கள் மகன் அநாதையா?" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையசைத்தார். எதிரணி பேசவில்லை; ஆகவே வென்றேன் என்று எண்ணிக்கொண்டேன்.

கீழே போன ஆளுக்கு ஐயர் கிடைக்கவில்லை. ஒரு கல்யாணத்துக்காக வடமதுரைக்குப் போயிருந்தார். மறுநாள் காலை வரை சேதியும் இல்லை, ஐயரும் இல்லை. அம்மா கஞ்சி கொண்டுபோய் நீட்டியபோது அந்தத் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீராவது குடிக்கட்டும் என்று செம்பை வாயருகே கொண்டுபோனார் அம்மா. தாய்மாமன் தடுத்தார்.

"மண்ணு மூடாம பெத்தவ பச்சத்தண்ணி தொடக்கூடாது தாயி. அதுக்குத்தான் பொழுதுக்குள்ள முடிக்கிறது. செத்தவனுக்காக இல்ல, இருக்கறவளுக்காக."

அப்பா பதறிப்போய், நேற்றே சொல்லியிருக்கலாமே என்றார்.

"உங்க மவன் எங்க பேச விட்டான்?" என்றார் தாய்மாமன்.

ஐயர் வேண்டாம், இப்போதே எடுத்துவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். கடப்பாரை மறுபடி கைக்கு வந்தது. அப்போது அந்தத் தாய், வறண்ட நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிய, "ஐயரு வரட்டும். எம் மவன் அநாத இல்ல" என்றார்.

என் மூன்றாவது காரணம் அவர் நெஞ்சில் இறங்கியிருந்தது. அதைப் பிடுங்கி எடுக்க நானும் முயன்றேன்: அருகில் போய், நேற்று சொன்னது தப்பு, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று குழறினேன். ஒட்டிப் பேசியவனே வெட்டிப் பேசுவதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. சித்திரை வெயில் ஏறிக்கொண்டே போனது. புல்லை மாற்றி மாற்றி அடுக்கினார்கள்.

கல்யாணத்திலிருந்து திரும்பியதும் சேதி கிடைத்து, ஐயர் உச்சிப்பொழுது தாண்டி வந்து சேர்ந்தார். வயதானவர், மூச்சிரைத்தது, கால் செருப்பு ஒன்று அறுந்திருந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு அப்பாவைத் தனியே அழைத்து, கோபமே இல்லாமல், "நீங்களே அடக்கம் பண்ணியிருக்கலாமே உபதேசியாரே, என்னை எதுக்குத் தேடினீங்க?" என்றார். அடக்க ஆராதனை கால் மணி நேரத்தில் முடிந்தது. கடைசிக் கைப்பிடி மண் விழுந்ததும் அம்மா செம்பை நீட்டினார். அந்தத் தாயால் விழுங்க முடியவில்லை. துணியை நனைத்து உதட்டில் பிழிந்தார்கள்.

அடுத்த மாதமே அந்த ஊர் மலையின் மறுபக்கத்துக்கு இடம் மாறியது. எங்களிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. கூரை வேயாத கொட்டகையைக் கறையான் தின்றது. அப்பாவைச் சபை கீழே அழைத்துக்கொண்டது. இப்போது நான் கல்லூரியில் படிக்கிறேன். கோப்பைகளை வைக்க வீட்டில் இடமில்லை. சென்ற மாதம் மறைந்த எங்கள் பேராசிரியருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் பேச மறுத்தேன். தலைக்கனம் என்றார்கள். தலைக்கனம் எனக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மறுத்த காரணம் அதுவன்று.

அன்று எல்லாரும் குழியை விட்டு நகர்ந்த பிறகு, நனைந்த துணியைக் கையில் பிடித்தபடி அந்தத் தாய் அங்கேயே இருந்தார். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். மேடைத் தமிழ் வாயில் வரவில்லை. தள்ளி நின்ற அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னேன்:

"ஆத்தா, இனிமே எழவு விழுந்த எடத்துல நான் பேச மாட்டேன். யாரு கூப்பிட்டாலும் பேச மாட்டேன்."