ஆறு மாதம் சும்மா நிற்க வேண்டிய வண்டி

குல்பர்காவுக்கு ஆறு மாத டெபுடேஷன் என்று ஆபீஸில் உத்தரவைக் கையில் கொடுத்தபோது எனக்கு வந்த முதல் கவலை அந்த ஊர் வெயில் பற்றியது இல்லை. மைசூரில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நின்றுகொண்டிருந்த பேட்டரி கார் பற்றியது.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் பேட்டரி கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் நானும் ஒருத்தி என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய, இரண்டு பேர் உட்காரும் குட்டி வண்டி. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. வலது கால் ஒன்று இருந்தால் போதும். என்னிடம் உருப்படியாக இருந்ததும் அது ஒன்றுதான். இடது கால் மூன்று வயதில் போலியோவில் சூம்பிவிட்டது.

வண்டி வருவதற்கு முன் எனக்கு அண்ணனின் ஸ்கூட்டர்தான் கதி. அவன் வராத நாளில் ஆட்டோ. ஏறும்போதும் இறங்கும்போதும் யாராவது ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள். நான் சிடுசிடுப்பேன், அவர்கள் முகம் சுருங்கும், பிறகு நாள் முழுக்க எனக்கே வருத்தமாக இருக்கும். முப்பத்திரண்டு வயதில் முதல்முறையாக நானே கதவைத் திறந்து, நானே உட்கார்ந்து, நானே ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போன அன்று, வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் உள்ளேயே அழுதேன். அத்தனை சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் மொத்தமும் எட்டு பேட்டரிகளில் இருந்தது. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் வெள்ளை பூத்துச் செத்துப்போகும் ஜாதி. எட்டையும் புதிதாக மாற்ற என் சம்பளம் தாங்காது. செத்தால் மறுபடியும் அண்ணனின் பின் சீட்டு. கூடவே ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால், ஐம்பது அறுபது கிலோமீட்டரில் மூச்சு வாங்கும் வண்டி அது. குல்பர்கா எங்கே, அது எங்கே!

அண்ணன் தனிக்குடித்தனம் போயாயிற்று, அம்மாவும் என்னோடு வருவதாக இருந்ததால் வீட்டில் வேறு ஆள் இல்லை. பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம்தான் ஒரு சாவியைக் கொடுத்து ஒப்படைத்தேன். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்துப் பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கணவர் நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரிக்கு விடிவதற்குள் பஸ் பிடித்துப் போய்விடுவார். அக்கா பள்ளியில் படித்தது கன்னடம் என்பதால் விதிமுறைகளைக் கன்னடத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஞாயிறுதோறும் சார்ஜ் போட வேண்டும். கரண்ட் போனால் வந்ததும் மிச்சத்தைப் போட வேண்டும். மாதம் ஒருமுறை முன்மூடியையும் சீட்டையும் திறந்து பேட்டரித் தண்ணீர் பார்க்க வேண்டும், குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. கடைசி விதிக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். யாரும் ஓட்டக் கூடாது.

அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "சும்னே நிக்க வெச்சா அதுக்குக் காலு மரத்துப் போவாதா அம்மணி?" என்று கேட்டுவிட்டு, என் காலைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மரத்தா மரக்கட்டும். யாரும் ஓட்டாம இருந்தா போதும்" என்றேன் வெடுக்கென்று. மீட்டரில் இருந்த எண்ணையும் டைரியில் குறித்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

குல்பர்காவுக்கு வாராவாரம் கார்டு வந்தது. தமிழ்தான், ஆனால் கன்னட எழுத்தில். வாய்விட்டுப் படித்தால்தான் அர்த்தம் பிடிபடும். "வண்டி சௌக்கியம். ஞாயித்துக்கெழம பாதி சாப்பாட்டுல கரண்டு போயிருச்சு. திங்கக்கெழம மிச்சத்தச் சாப்புட்டுது." அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். தசரா முடிந்து வந்த கார்டில் "வண்டி ரொம்ப சந்தோசமா இருக்குது" என்று இருந்தது. அக்காவுக்குப் பாசம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் திரும்பினோம். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் வண்டிக் கதவைத் திறந்தேன். துளி தூசி இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே காய்ந்த சாமந்தி. மீட்டரைப் பார்த்தேன், டைரியைப் பார்த்தேன். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடியிருந்தது.

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "யாரு ஓட்டினது?" என்று கத்தினேன். அக்கா ஒளிக்கவில்லை.

"நாந்தான் அம்மணி. ஆயுத பூசைக்கு ஊருல இருக்கற அத்தன வண்டிக்கும் மாலை. இது மட்டும் மொட்டையா நிக்கலாமா? பொட்டு வெச்சு, சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழமும் வெச்சுட்டேன். வெச்ச பழத்த நசுக்காம வுடக்கூடாதல்லோ? தள்ளிப் பாத்தேன், நகரவே மாட்டேங்குது. செரி, ஒக்காந்து சாவியத் திருப்புனேன். ஒரு சத்தமும் வரல. ஓடல போல இருக்குதுன்னு காலைக் கொஞ்சம் அழுத்துனேன் பாரு..."

பழமும் நசுங்கி, துவைக்கிற கல்லில் போய் முட்டி முன்பக்கமும் நசுங்கியிருந்தது. மாலை தொங்கவிட்டு அந்த இடத்தை மறைத்திருந்தார்.

"அத்தோட விட்டிருக்கலாமே?"

"வுடத்தான் பாத்தேன்" என்றார் அக்கா. "முடியல."

வண்டியின் கதை முடிந்தது என்றே நினைத்தேன். லைசென்ஸ் இல்லாத பெண், பேட்டரி வற்ற வற்ற ஓட்டி, பாதி சார்ஜில் போட்டு வைத்திருப்பார். அன்று மதியமே பேட்டரிக்காரரை வரவழைத்தேன். அவர் கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு பேட்டரியாக விட்டு எடுத்துப் பார்த்த அரைமணி நேரம் நான் திண்டாடிய திண்டாட்டம் சொல்லி முடியாது. கோபத்தில்கூட இல்லை, பயத்தில். நாளைக் காலை ஆபீஸுக்கு எப்படிப் போகப்போகிறேன் என்று மட்டுமே மனம் அடித்துக்கொண்டது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மேடம், சும்மா நிறுத்தி சார்ஜ் மட்டும் போட்டிருந்தாகூட இவ்ளோ நல்லா இருந்திருக்காது. யாரோ ஓட்டி, உடனே ஃபுல் சார்ஜ் போட்டு, கரெக்டா தண்ணி பாத்திருக்காங்க. எட்டும் ஜம்முனு இருக்கு."

அவர் போன பிறகு காம்பவுண்டில் நானும் வண்டியும் மட்டும். நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலையில் கத்தியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. அக்கா காப்பி கொண்டுவந்து நீட்டினார். முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

"அப்படி எங்கதான் போனீங்க அக்கா, முந்நூறு கிலோமீட்டர்?"

"மொதல்ல இந்தச் சந்துக்குள்ளதான். அப்புறம் மார்க்கெட்டு. ஒருக்கா ஸ்ரீரங்கப்பட்டணம்."

"லாரி போற ரோட்டுலயா! யார்கூட?"

"ஒத்தையாத்தான். காவேரிக் கரையில ஒக்காந்து ரெண்டு வாழப்பழம் தின்னுட்டுத் திரும்பி வந்தேன்." அக்கா வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊட்டுல கேட்டுக்கிட்டுப் போகாம நான் ஒரு எடத்துக்குப் போனது அன்னிக்குத்தான் அம்மணி. எங்க போறேன்னு ஒருத்தரும் கேக்கல."

இரண்டு நல்ல கால்கள் இருப்பவர்கள் எல்லாம் நினைத்த இடத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். பொறாமையோடு நம்பியிருந்தேன்.

அடுத்த வாரமே நானே பக்கத்தில் உட்கார்ந்து ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். டெஸ்ட் அன்று அதிகாரி, "ஸ்டார்ட் மாடியம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். "ஆவாக்லே ஆயித்து சார்" என்றார் அக்கா, அது அப்போதே ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று. இரண்டே மாதத்தில் லைசென்ஸ் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா குளித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார். கணவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சாவியை அக்கா கையில் கொடுத்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.