தையல் டப்பாவில் கிடந்த ஆணி

அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வாயில் சோற்றோடு எழுந்து போய்ச் சன்னல் வழியே பார்ப்பாள். எதிரே கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் காற்றாடிப் பம்பு. பாட்டன் காலத்து இரும்புக் கோபுரம், உச்சியில் பதினெட்டுத் தகடு வைத்த சக்கரம். ஊருக்கு வருகிறவர்கள் அதனடியில் நின்று படம் எடுக்காமல் போவதில்லை. அதற்கு எண்ணெய் போடுவது அவள் வேலை. காத்தாடிக்காரி என்றே பேர் நிலைத்துவிட்டது.

சக்கரத்தைத்தான் பார்க்கிறாள் என்று ஊர் நினைத்தது. அவள் பார்த்ததெல்லாம் அடியில் இருந்த தொட்டிப் பக்கம் யாராவது போகிறார்களா என்றுதான். பதினோரு வருஷத்துக்கு முன், படம் எடுக்க வருகிறவர்களுக்காகச் சக்கரம் எந்நேரமும் சுற்ற வேண்டும் என்று பஞ்சாயத்து அதிகாரி பிடுங்கி எடுத்தார். லேசான காற்றில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு எப்படிச் சுற்றும்? பொறுமை போய், சக்கரத்தையும் பம்புக் கம்பியையும் இணைக்கும் ஆணியை உருவித் தையல் டப்பாவில் போட்டுவிட்டாள். வெறும் சக்கரம் ஜோராகச் சுற்றியது. வீட்டுக்கு வீடு குழாய் இருக்கும்போது தொட்டியை யார் எட்டிப் பார்ப்பார்கள்? நாத்தனார் ஒருத்திதான், தொட்டி ஏன் காய்ந்து கிடக்கிறது என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், இவள் எரிந்து விழுந்தாள். பேச்சு நின்று நாலு வருஷம் ஆகிறது.

புயலடித்து மூன்று நாளாக மின்சாரம் இல்லை. குழாய்கள் வறண்டன. ஊரே குடத்தோடு காற்றாடியடியில் வந்து நின்றது. மேலே சக்கரம் பேயாய்ச் சுற்றுகிறது, கீழே சொட்டுத் தண்ணீர் இல்லை. கிணறு வற்றியிருக்கும் என்று அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாள். அவளால் சும்மா நிற்க முடியவில்லை.

“கிணத்துல தண்ணி இருக்கு. ஆணியைக் கழட்டினது நான்தான்.”

வசவுகளை வாங்கிக் கட்டிக்கொண்டே சக்கரத்தை நிறுத்தி ஆணியை மாட்டினாள். அப்போதும் வரவில்லை. பம்புக்குள்ளே தோல் வளையம் காய்ந்து சுருங்கியிருந்தது. ஊறினால்தான் தண்ணீரை இழுக்கும். தன் வீட்டு அரைக்குடத்தைக் கொண்டுவந்து ஊற்றினாள். போதவில்லை. இன்னும் ஒரு குடம் கொடுங்கள் என்று கெஞ்சினாள். கடைசிக் குடிதண்ணீரை இவளை நம்பி யார் கொடுப்பார்கள்? எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாத்தனார் மட்டும் வீட்டுக்குப் போய் ஒரு குடத்தைச் சுமந்துவந்து முழுக்க ஊற்றினாள்.

காத்தாடிக்காரி நடந்தாள், கம்பியில் காதை வைத்தாள், மறுபடி நடந்தாள். சக்கரம் பாரம் தாங்கி மெள்ள முனகிக்கொண்டு சுற்றியது. கால் மணி நேரம் கழித்துப் பம்புக் குழாய் இருமியது. துருவேறிய தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. கூட்டம் முண்டியடித்தது.

நாத்தனார் வெறுங்குடத்தோடு அவள் பக்கத்தில் வந்தாள்.

“இனிமேலாவது ஒரு இடத்துல உக்காருங்க அண்ணி.”

அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். அந்தக் குடத்தை வாங்கி முதலில் நிரப்பினாள். யார் வருகிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்று தலையைத் திருப்பவே இல்லை.