எங்கள் முறையில் பெரியப்பாவின் வலை

அன்று செவ்வாய்க்கிழமை. ஆறாம் வகுப்பு அரைப்பரீட்சை முடிந்து மூன்றாம் நாள். தேதி மறந்துவிட்டது, கோபம் மறக்கவில்லை.

பழவேற்காடு ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களை எங்கள் ஊரார் சீட்டுக் குலுக்கி, குடும்பத்துக்கு இன்ன நாள் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய பாடு அந்த இறால் பருவத்தில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் விழுந்தது. அது இந்தச் செவ்வாய். விடிந்ததும் நைனாவும் அம்மாவும் நானும் வலையைச் சுமந்துகொண்டு போனால், எங்கள் இடத்தில் பெரியப்பாவின் வலை கழிகளில் கட்டி நின்றது. அவர் கரையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, இன்னிக்கு எங்க முறையாச்சே," என்றார் நைனா.

"ஆமா, அதுக்கு இன்னா இப்ப? உன் சாமி மன்னிக்கச் சொல்லுதாமே. மன்னிச்சிட்டுப் போ."

நைனா ஞானஸ்நானம் எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் என்றால் இந்தப் பேச்சுக்குத் துடுப்புதான் பதில் சொல்லியிருக்கும். பக்கத்திலேயே ஒரு துடுப்பு கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். நைனாவும் பார்த்தார்.

"சரிண்ணே," என்று திரும்பிவிட்டார்.

அம்மா வலையைத் தரையில் போட்டாள். "வேதத்துல சேர்ந்தா சோத்துல உப்பு போட்டுக்கக் கூடாதுனு சொல்லிட்டாங்களாய்யா?"

"இல்லம்மே. என் கோவத்த கர்த்தர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டேன். குடுத்தத திருப்பிக் கேக்கறதில்ல."

அம்மா முந்தானையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர் கோபத்தை அவர் கொடுத்தார். என்னுடையதை யார் கேட்டார்கள்? பெரியப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மார்பளவு தண்ணீரில் இறங்கினேன். ஏழு கழிகளில் நான்கின் முடிச்சை அவிழ்த்தேன். வலை சரிந்தது, உள்ளே வந்திருந்த இறால் ஏரிக்கே திரும்பியது. ஐந்தாவது முடிச்சில் நைனா வந்து என் கையைப் பிடித்தார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவரை மன்னித்திருப்பேன். நான் அவிழ்த்த நான்கையும், தன் வலையைக் கட்டும் அதே இறுக்கத்தோடு மறுபடி கட்டினார். எங்கள் நாளைத் திருடியவருக்கு என் நைனாவே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

அதோடு விடவில்லை. கரையோர டீக்கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பாப்பா உன் வலைய அவுத்துட்டாண்ணே. இறாலு கொஞ்சம் போய்ட்ச்சு. நான் திரும்பக் கட்டிட்டேன்."

பெரியப்பா சண்டைக்கு எழுந்தார். எதிரில் சண்டைக்கு ஆள் இல்லை. கையில் டீ கிளாசோடு அப்படியே நின்றார்.

படகைப் பங்கு பிரித்த தகராறுக்குப் பிறகு ஆறு வருடமாக நைனா பெரியப்பா வீட்டுத் தெருவை மிதித்ததில்லை. ஏரிக்குப் போவதும் வருவதும் சுடுகாட்டுப் பக்கமாகச் சுற்றித்தான். அன்று அந்தத் தெருவின் நடுவே, வாசலில் நின்றவர்களை நலம் விசாரித்துக்கொண்டு, விசிலடித்தபடி நடந்தார். பறிகொடுத்துவிட்டு வருகிற மனிதருக்கு என்ன விசில் வேண்டியிருக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை உதறிவிட்டுத் திரும்பி, சுடுகாட்டுப் பாதைக்கே போனேன். செருப்பில்லை. கருவேல முள்ளும் உடைந்த கிளிஞ்சலும். எங்கள் வீட்டில் மானமுள்ள ஆள் நான் ஒருத்திதான் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டு நடந்தேன்.