மெசின் பார்த்த பொருத்தம்

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருந்த கடைசி வருடங்களில், நகரத்துக் கடையொன்றில் ஒரு கணனி கலியாணப் பொருத்தம் பார்த்தது. இரண்டு பேரின் பிறந்த நாள், நேரம், ஊர் கொடுத்தால், இரு கரையிலும் துளையிட்ட தாளில் முடிவு வரும். நான் வேலை செய்த பத்திரிகைக்கு அதன் விளம்பரம் வந்தபோது திருத்தியவன் நான்தான். ‘பிழை விடாது’ என்று எழுதியிருந்தார்கள். அதை வெட்ட எனக்குத் தோன்றவில்லை.

சில மாதங்களில் அந்தத் தாள் எங்கள் வீட்டு விடயமாகியது. அரியாலையில் இருந்த என் தங்கைக்கு உரும்பிராயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அவளுக்கு முப்பத்தொரு வயது. இதற்கு முன் நான்கு பேச்சுகள் குழம்பியிருந்தன. எங்கள் சாத்திரியார் பொருத்தம் நல்லதென்று எழுதிக் கையொப்பமும் இட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளையின் தாய்க்கு அது போதவில்லை. கணனியிடம் போனார். ரச்சுப் பொருத்தம் இல்லை, ஆணின் ஆயுளுக்குக் கூடாது என்று தாள் சொன்னது. வெளியே போன ஆண்பிள்ளை வீடு திரும்புவானா என்று வாசலைப் பார்த்திருந்த போர்க்காலம். அந்த வரியைப் படித்து எந்தத் தாயும் சிரித்திருக்க மாட்டாள்.

மறுநாள் உரும்பிராய்க்குச் சைக்கிளில் போய் அந்தத் தாயைப் பார்த்தேன்.

“தம்பி, கோவிக்காதையுங்கோ. சாத்திரியார் உங்கடை ஆள். சாதகத்தைப் பாக்கேக்கை உங்கடை முகமும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். மெசினுக்கு ஆரின்ரை முகம் தெரியும்?”

“முகம் தெரியாமல் தீர்ப்புச் சொல்லுறது நல்லதோ, அம்மா?”

“எனக்கு இருக்கிறது ஒரு பொடியன். உது பகிடிக் கதை இல்லை.”

அங்கிருந்து நேரே கடைக்குப் போனேன். கணனியை இயக்கியவர் இளைஞர். என் தங்கையின் விபரத்தைத் திரும்ப அடித்துப் பார்த்தார்.

“நட்சத்திரம் மிருகசீரிடம், அண்ணை.”

“சாதகத்திலை ரோகிணி எண்டெல்லோ கிடக்கு?”

“அது வாக்கியக்காரர் எழுதினது. மெசின் திருக்கணிதம்.”

எங்கள் ஊரில் இரண்டு பஞ்சாங்கங்கள். ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். வருடப் பிறப்புக்கூட இரண்டிலும் வெவ்வேறு நேரத்தில்தான் பிறக்கும். தங்கை பிறந்த அன்று ரோகிணி முடிந்த நேரமும் இரண்டிலும் வேறு. என் தங்கை அந்த இடைவெளிக்குள் பிறந்திருந்தாள். இரண்டு வீட்டாரும் வாக்கியக்காரர். அதை மெசின் கேட்கவில்லை. யாரும் அதற்குச் சொல்லவுமில்லை.

“அப்ப எது சரி?”

“நான் குடுக்கிறதுக்கு அது கணக்குச் செய்யும். எது சரியெண்டு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.” தலையைச் சொறிந்தார். “பிறந்த நேரத்திலை ரெண்டு மணித்தியாலம் குறைச்சுப் போட்டா ரோகிணி வரும். அடிக்கட்டோ?”

அந்தத் தாயிடம் போய் இரண்டு பஞ்சாங்கத்தையும் விளக்கியிருக்கலாம். ஆனால் பயந்தவர் கையில் இரண்டு விடை கிடைத்தால் கெட்டதைத்தான் பிடித்துக்கொள்வார். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

“அடியும்” என்றேன்.

பொய்யான நேரத்தைக் கொடுத்து எங்கள் பஞ்சாங்கத்தின் நட்சத்திரத்தை வாங்கினேன். பொருத்தம் உண்டென்று தாள் வந்தது. முதல் தாளில் இருந்த அதே எழுத்து, அதே உறுதி. முந்தி நேரம் பிழையாகக் கொடுபட்டுவிட்டது என்று சொல்லி உரும்பிராயில் மாப்பிள்ளையின் தாயிடம் கொடுத்தேன். அவர் அதைச் சாமி படத்தடியில் வைத்தார்.

“மெசின் பொய் சொல்லாது, தம்பி.”

அது உண்மை. சொன்னவன் நான்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. பின்னர் மின்சாரம் நின்றது, கடையும் பூட்டப்பட்டது. தங்கையின் கணவர் கூட்டுறவுச் சங்கத்துச் சாமான் எடுக்கக் கடற்படை சுடும் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்குப் போய்வரத் தொடங்கினார். எனக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவர் போகும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சோறு இறங்காது. சாத்திரியார் எழுதியது பிழைத்தால் அவருடைய வீட்டுப் படலையடியில் போய்ச் சண்டை பிடிக்கலாம். இந்தத் தாளுக்கு யாருடைய படலைக்குப் போவது?

ஒருமுறை செவ்வாய்க்கிழமை வரவேண்டியவர் வியாழன் வரை வரவில்லை. தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணை, என்னைவிட நீங்கள் பயப்பிடுறியள்? ரெண்டுதரம் பொருத்தம் பாத்துத்தானே கட்டித் தந்தனீங்கள்?”

கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வந்து சேர்ந்தார். தண்ணீர் குடிக்கக்கூட விடாமல், அடுத்த பயணம் எப்போது என்று கேட்டேன்.