கண்ட்ரோல் பாத்தி

கத்தரி இலையை இரண்டு விரலால் அடியில் பிடித்து மெல்லத் திருப்புகிறேன். மூச்சை அடக்கியிருக்கிறேன், ஏனென்றால் வெள்ளை ஈ எண்ணுகிற வேலையில் முதல் விதி, எண்ணுகிறவர் இருப்பது ஈக்குத் தெரியக்கூடாது.

எண்ணிக்கை

வெயில் ஏறுவதற்குள் எண்ணிவிட வேண்டும். ஏறிவிட்டால் ஈக்குத் தெம்பு வந்துவிடும், இலையைத் தொட்டதும் மாவைத் தட்டியதுபோலப் பறந்துவிடும். அதற்காகத் திண்டுக்கல்லில் முதல் பஸ் பிடித்து ஒட்டன்சத்திரம் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போவோம். நானும் கலைச்செல்வியும், பி.எஸ்சி. விலங்கியல், மூன்றாம் ஆண்டு. நான் எண்ணுவேன், அவள் எழுதுவாள். நடுவில் அவள் தும்மினால் அந்தச் செடியை விட்டுவிட்டு அடுத்த செடி.

தோட்டக்காரர் பழனிச்சாமி ஐயா வரப்பில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் நாங்கள் கிளம்பும்போது கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, எண்ணி முடிச்சா அது போயிருமுங்களா?"

சாம்பிள்

இளங்கலை மாணவர்களும் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று கல்லூரியில் முடிவானபோது எனக்கு வாய்த்த கைடு எங்கள் சார். வேப்பங்கொட்டைக் கரைசல் கடை மருந்துக்கு ஈடாகுமா என்பது தலைப்பு. ஆய்வு வெளிவரும்போது முதல் பெயர் என்னுடையது என்று சொல்லியிருந்தார். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நான் எம்.எஸ்சி.க்கு எழுதிப் போடவிருந்த இடத்தில், பெயர் வந்த ஆய்வு உண்டா என்று கேட்பார்கள். உண்டென்றால் படிப்பு. இல்லையென்றால் வேடசந்தூர்ப் பக்கம் அக்கா வேலைக்குப் போகிற நூற்பாலை. வீட்டில் இதற்காகச் சண்டையெல்லாம் கிடையாது. மில்லில் பேசியே வைத்துவிட்டார்கள்.

கைடு வைத்துப் படித்தவர்களுக்கு மீதி தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார். எண்ணும் முறையில் ஏதோ திருத்தம் சொல்லப்போகிறார் என்று பேனாவோடு போய் நின்றேன். "நாளைக்கு ஃபீல்டுக்குப் போறேல்ல, வரும்போது தக்காளி ஒரு பை வாங்கிட்டு வந்துரும்மா. சாம்பிள்னு சொல்லு, கண்டக்டர் லக்கேஜ் போட மாட்டான்."

கசப்பு

வேப்பங்கொட்டையை இடிக்க லேபில் ஒன்றும் இல்லை. வீட்டு மிக்சியில் அரைத்தேன். புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மிக்சி ஜாருக்கு வேம்பு பிடித்துப்போயிற்று. தேங்காய்ச் சட்னி கசந்தது, மறுநாள் பொடி கசந்தது. அம்மா அம்மியைக் கழுவினாள். அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்து கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏத்தா, இன்னைக்கும் உன் ஆராய்ச்சிதான் வெஞ்சனமா?"

புதுசு

ஈயின் குஞ்சு இலையோடு ஒட்டிய செதில் மாதிரி இருக்கும். வெறும் கண்ணில் தெரியாது. அதைப் பார்க்க எங்கள் துறையில் நல்ல மைக்ராஸ்கோப் ஒன்று உண்டு. வந்த நாளின் பாலிதீன் உறையோடு அலமாரியில் இருந்தது. பூட்டு நம்ம ஊர்ப் பூட்டு, குறை சொல்ல முடியாது. சாவி லேப் அசிஸ்டன்ட் முருகேசண்ணனிடம்.

சாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனேன். கையில் இலை வாடிக்கொண்டிருந்தது. அண்ணன் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், கடைசியில் அலமாரியைப் பார்த்தார். "எடுத்துக் குடுக்கலாம்த்தா. தொட்டா பழசாயிரும்ல, கமிட்டி வந்தா அப்புறம் எதைக் காட்டுறது?"

கண்ட்ரோல்

மொத்தம் மூன்று பாத்தி. ஒன்றில் வேப்பங்கொட்டைக் கரைசல், ஒன்றில் கடை மருந்து. மூன்றாவதில் எதுவும் அடிக்கக்கூடாது. சும்மா விட்டால் எவ்வளவு ஈ வரும் என்று தெரிந்தால்தான் மற்ற இரண்டும் ஏதாவது செய்ததா என்று சொல்ல முடியும். அப்படிச் சும்மா விடுவதற்குத்தான் ஆராய்ச்சியில் கண்ட்ரோல் என்று பெயர். ஐயாவுக்கும் விளங்கட்டும் என்று தகரத்தில் அந்தப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதி நட்டிருந்தோம்.

கடைசி எண்ணிக்கைக்குப் போன அன்று மூன்றாம் பாத்தியில் எந்த இலையைத் திருப்பினாலும் வெறும் இலை. மருந்து வாடை அடித்தது. ஐயா மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். நல்ல காரியம் செய்துவிட்டவரின் கூச்சம் முகத்தில் இருந்தது. "கண்ட்ரோல்னு போர்டு வெச்சிருக்கீங்க, அதுலதானுங்க ஈ மொய்ச்சுக் கெடந்துச்சு. வாத்தியார் வந்து பார்த்தா உங்களைத்தானுங்களே வைவாரு, அதான் நேத்தே அடிச்சுக் கண்ட்ரோல் பண்ணி உட்டுட்டனுங்க."

டைரி

சாரிடம் சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதிவிடலாம், இல்லாவிட்டால் அடுத்த நடவில் திரும்பச் செய்யலாம் என்றேன். கலைச்செல்வி பக்கத்தில் நின்றாள்.

"கருத்தரங்கு இந்த மாசம். போன வாரம் எம்புட்டு இருந்துச்சு? அதைவிடக் கொஞ்சம் ஏத்திப் போடு."

"ஈயே இல்ல சார்."

"அடிக்காம இருந்தா இருந்திருக்கும்ல?"

நான் போட மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டர் முன்னாலிருந்த நாற்காலியை வெளியே இழுத்தார். "நடந்ததை எழுதுறதுக்குப் பேரு டைரிம்மா, ரிசர்ச் இல்ல. கலை, நீ உக்காரு."

பெயர்

கருத்தரங்கில் எங்கள் ஆய்வை விளக்கி வைத்த போஸ்டரில் முதல் பெயர் சாருடையது. அடுத்தது கலைச்செல்வி. மூன்றாவது, தோட்டத்துப் பக்கமே வராத துறைத்தலைவர். கலைச்செல்வியைக் குறை சொல்ல மாட்டேன், அவளும் ஒரு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். என் விண்ணப்பத்தில் ஆய்வு உண்டா என்று கேட்ட இடத்தில் கோடு போட்டு அனுப்பினேன். இப்போது மில் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் தூங்கிக்கொண்டு போகிறேன்.

கருத்தரங்கு நாளில் நான் என் பெயரைத் தேடுவதைக் கண்டு கலைச்செல்வியே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் போஸ்டரின் அடியில் விரலை வைத்தாள். "நன்றியில இருக்குடீ. இந்தா, தோட்டக்காரருக்கு அடுத்து."

உயரம்

முன்னோடி விவசாயி என்று அதே கருத்தரங்கு மேடையில் ஐயாவுக்குச் சால்வை போட்டார்கள். சால்வையோடு போஸ்டருக்கு வந்தார். அதிலிருந்த வரைபடத்தில் பாத்திக்கு ஒன்றாக மூன்று கம்பங்கள். உயரமானதைத் தொட்டு, இது எதுங்க என்று கேட்டார். மூன்றாம் பாத்தி, எத்தனை ஈ என்று காட்டுவது என்றேன். சாரும், பரிசுக்கு மார்க் போட வெளியூரிலிருந்து வந்தவரும் பக்கத்தில்தான் நின்றார்கள். ஐயா கம்பத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். "அதுல ஈயே இல்லாமப் பண்ணினனுங்களே அம்மிணி?"

சார் அவர் தோளில் கைபோட்டு டீ சாப்பிடக் கூட்டிப்போனார், மார்க் போடுகிறவரும் பின்னாலேயே போனார். சாயங்காலம் முதல் பரிசு வாங்கவிருந்த அந்தப் போஸ்டரின் கீழ் மூலை கழன்று ஃபேன் காற்றில் அடித்துக்கொண்டிருந்ததால், தரையில் கிடந்த குண்டூசியை எடுத்துத் திரும்பக் குத்தினேன்.